சொதப்பிட்டேன், சாமி!

(வானொலியில் காலை வேளையில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



இன்று ஒரு சொல்லைப் பற்றி உங்களோடு சிந்திக்க விரும்புகிறோம். அது திருப்பலிப் புத்தகத்தில் இல்லாத சொல். ஆனால் திருப்பலி முடிந்து சக்ரீஸ்துக்குள் நுழைந்தால் காதில் விழும். எழுந்தேற்றத்துக்கு முன்பே மணியை அடித்துவிட்ட பீடச்சிறுவன் தலையைச் சொறிந்துகொண்டு சொல்வான்: "சொதப்பிட்டேன், சாமி."

சொதப்பல். இதையெல்லாம் மறையுரையில் பேசலாமா என்று பெரியவர்கள் சிலர் நெற்றியைச் சுருக்குவது நமக்குத் தெரிகிறது. குற்றாலத்தில் வாழ்ந்து 1954-ல் மறைந்த ரசிகமணி டி.கே.சி., மக்கள் வாயில் புழங்கும் தமிழில்தான் உயிர் இருக்கிறது என்று வாழ்நாள் முழுதும் வாதாடியவர். அவர் ஊர்ப்பக்கத்தில் நின்று பேசுகிற நமக்குக் கொஞ்சம் சலுகை கொடுங்கள். 2012-ல் இந்தச் சொல்லைத் தலைப்பிலேயே தாங்கி ஒரு திரைப்படம் வந்தது, காதலில் சொதப்புவது எப்படி என்று. படம் பார்க்காதவர்களுக்கும் தலைப்பு புரிந்தது. அந்த அளவுக்கு இது வீட்டுச் சொல்லாகிவிட்டது.

எங்கெல்லாம் சொல்கிறோம் பாருங்கள். சாம்பாரில் உப்பு இரண்டு தரம் விழுந்தால் சொதப்பல். கைக்கு வந்த கேட்ச்சை விட்டால் சொதப்பல். படத்தின் முதல் பாதி நன்றாக இருந்து பிற்பாதி இழுத்தால் சொதப்பல். ஆனி மாதம், குற்றாலத்தில் சீசன் வந்துவிட்டது என்று மதுரையிலிருந்து சம்பந்தி வீட்டாரை வரவழைத்து, பேரருவியில் தண்ணீர் நூல்போல விழுந்தால், மழை பெய்யாததற்கும் சேர்த்து அழைத்தவர்தான் சொதப்பியவர்! மழை பெய்த பிறகு சொதசொத என்று கிடக்கும் தரை நமக்குத் தெரியும். கால் வைத்தால் உறுதியாக நிற்காது, வழுக்கும், அப்பும். நம் காதுக்கு இந்த இரண்டு சொல்லும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் போலவே ஒலிக்கின்றன. திடமாக நிற்க வேண்டிய ஒன்று குழைந்துபோனது, அதுதான் சொதப்பல்.

இதில் ஒரு கனிவு இருக்கிறது. நன்றாகச் செய்ய வேண்டும் என்றுதான் இறங்கினான், கை வரவில்லை என்கிற பொருள் அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அதனால்தான் சொதப்பிட்டேன் என்று ஒருவர் சொன்னதும் சுற்றி நிற்பவர்கள் சிரித்துவிடுகிறார்கள். தமிழில் இப்படிக் கனிவுள்ள சொற்கள் பல உண்டு. பிழை என்றால் தவறு. பிழைத்தான் என்றால் உயிர் தப்பினான். தப்பு என்றால் குற்றம். தப்பினான் என்றால் மீண்டான். பாவம் என்றால் கடவுளுக்கு எதிரான செயல், ஆனால் வழியில் விழுந்து கிடப்பவனைப் பார்த்து நம் வீட்டு ஆச்சி சொல்வதும் அதே சொல்தான்: "ஐயோ, பாவம்." பாவத்துக்கும் இரக்கத்துக்கும் ஒரே சொல்லை வைத்துப் பேசும் மக்கள் நாம். குருமடத்தில் அருளைப் பற்றிப் பல நாள் படித்த பாடத்தை அந்த ஆச்சி ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்.

திருவிவிலியத்துக்கு வருவோம். எபிரேய மொழியில் பாவம் செய்வதைக் குறிக்கும் வினைச்சொல் ஹாத்தா. நீதித்தலைவர்கள் நூல் 20-ஆம் அதிகாரத்தில், பென்யமின் குலத்தில் இடக்கைப் பழக்கமுள்ள 700 வீரர்கள் இருந்தார்கள், ஒரு மயிரிழையைக் குறிவைத்துக் கவண் எறிந்தாலும் குறி தவறமாட்டார்கள் என்று வாசிக்கிறோம். அங்கே குறி தவறுவது என்பதற்கு வருவதும் இதே ஹாத்தாதான். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மொழியில் பாவத்துக்கு ஹமார்த்தியா என்று பெயர். அதன் வேரிலும் இலக்கைத் தவறவிடுவது என்ற பொருள் இருக்கிறது.

அப்படியானால் பாவமும் ஒரு சொதப்பல்தானே என்று நம் இளைஞர் குழுவில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. நாமும் இதைப் பற்றிச் சில நாள் யோசித்தோம்.

ஒரு திருடன் சொதப்பிவிட்டான் என்று நாம் சொன்னால், எதைச் சொல்கிறோம்? அவன் திருடியதையா? இல்லை. அவன் மாட்டிக்கொண்டதைச் சொல்கிறோம். மாட்டாமல் போயிருந்தால் சொதப்பல் என்ற பேச்சே கிடையாது. இந்தச் சொல்லின் குணம் அங்கேதான் வெளிப்படுகிறது. காரியம் ஒழுங்காக முடிந்ததா என்று அது கேட்கும். காரியமே ஒழுங்கானதா என்று கேட்காது. கைத்திறமையை அளக்க வந்த படியை எடுத்து மனசாட்சியை அளக்க முடியாது, அன்பர்களே.

மோசேயின் சட்டத்துக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரிந்திருக்கிறது. இணைச்சட்டம் 19-ஆம் அதிகாரத்தில் ஓர் எடுத்துக்காட்டு. இருவர் காட்டுக்கு விறகு வெட்டப் போகிறார்கள். ஒருவன் கோடரியை ஓங்குகிறான். இரும்பு காம்பிலிருந்து கழன்று பறந்து மற்றவன் மேல் பட்டு அவன் இறந்துபோகிறான். பகை இல்லை, திட்டம் இல்லை. இவனைப் பழிவாங்கக் கூடாது, ஓடி ஒளிய அடைக்கல நகர்கள் வேண்டும் என்கிறது சட்டம். எண்ணிக்கை நூல் அப்படி ஆறு நகர்களை ஏற்படுத்தச் சொல்கிறது. தெரியாமல் கைதவறியவனுக்காக ஆறு ஊர்கள்!

ஆனால் அதே இணைச்சட்டத்தில், மூன்று அதிகாரம் தள்ளி, 22-இல், இன்னொன்று இருக்கிறது. புது வீடு கட்டினால் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டு. கட்டாமல் விட்டு யாராவது விழுந்தால் அந்த இரத்தப்பழி உன் வீட்டின் மேல் என்கிறது. விழுந்தவனை யாரும் தள்ளவில்லை. வீட்டுக்காரர் அப்போது தூங்கிக்கொண்டுகூட இருந்திருக்கலாம். இருந்தும் இதைக் கோடரி கழன்ற கதையோடு சேர்க்க முடியாது. இரண்டு வரிசை செங்கல் வைத்திருந்தால் போதும், வைக்கவில்லை. சாரல் காலத்தில் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கும் செங்கோட்டைக்கும் போகிற சாலையில், ஈரத்தில், குடித்துவிட்டோ கைப்பேசியில் பேசிக்கொண்டோ வண்டி ஓட்டுகிறவர் ஒருவரை இடித்துவிட்டு, "ஒரு நிமிஷம் சொதப்பிட்டேன்" என்றால், அது கோடரி இல்லை. அது கட்டாத சுவர்.

பாவத்தைச் சொதப்பலாக மாற்றிப் பேசும் கலையில் முதல் பரிசை நாம் ஆரோனுக்குத்தான் கொடுப்போம். விடுதலைப் பயணம் 32-ஆம் அதிகாரம். மோசே மலையில் இருக்கும்போது ஆரோன் மக்களிடம் பொன் வாங்கிக் கன்றுக்குட்டி செய்துவிடுகிறார். கருவி கொண்டு வடிவமைத்தார் என்று நான்காம் வசனம் தெளிவாகச் சொல்கிறது. மோசே இறங்கி வந்து கேட்டபோது ஆரோன் என்ன சொன்னார் தெரியுமா? பொன்னைக் கொடுத்தார்கள், நெருப்பில் போட்டேன், இந்தக் கன்றுக்குட்டி வெளியே வந்துவிட்டது! தானாக வந்ததாம். தாவீது அரசர் சும்மாவா? உரியாவைப் போரின் முன்னணியில் நிறுத்திக் கொல்ல ஏற்பாடு செய்துவிட்டு, செய்தி வந்ததும், கவலைப்பட வேண்டாம், வாள் ஒருசமயம் ஒருவனை, ஒருசமயம் இன்னொருவனை விழுங்கத்தான் செய்யும் என்று யோவாபுக்குச் சொல்லி அனுப்பினார். போரில் நடக்கிற சாதாரண இழப்பு என்று கணக்கை முடிக்கப் பார்த்தார். இறைவாக்கினர் நாத்தான் வந்து விரல் நீட்டியபோதுதான் தாவீது பாவம் செய்தேன் என்று வாய் திறந்தார்.

நம் பேச்சு வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். "சொதப்பிட்டேன்" என்பது ஒன்று. "கொஞ்சம் சொதப்பல் ஆயிடுச்சு" என்பது வேறொன்று. முதலாவதில் ஓர் ஆள் இருக்கிறார். இரண்டாவதில் ஆளே இல்லை. செய்தவர் மெல்ல நழுவிவிட்டார், காரியம் மட்டும் தானாக நடந்ததுபோல நிற்கிறது. ஏலச்சீட்டுப் பணத்தை எடுத்துச் செலவழித்தவர் சொல்கிறார்: "கணக்குல கொஞ்சம் சொதப்பல் ஆயிடுச்சு." மனைவியை அடித்தவர் பஞ்சாயத்தில் சொல்கிறார்: "அன்னிக்கு ஏதோ சொதப்பல் ஆயிடுச்சு, பெரிசாக்காதீங்க." பெண் வீட்டில் கேட்கக் கூடாததைக் கேட்டவர்கள் சொல்கிறார்கள்: "பேச்சுவார்த்தையில சொதப்பல்." இந்தச் சொல்லில் இருக்கிற கனிவு முழுவதும் அடித்தவருக்குப் போய்விடுகிறது. அடிபட்ட தாய்க்கு மிச்சம் ஒன்றும் இல்லை. பெரிசாக்காதே என்ற புத்திமதி மட்டும்தான் அவர் பங்குக்கு வருகிறது.

வீடுகளை மட்டும் சொல்வது நியாயமாகாது. திருஅவைக்குள்ளும் இது நடந்திருக்கிறது. சிலே நாட்டில் குருக்களால் பாலியல் கொடுமைக்கு உள்ளானவர்கள் பேசியபோது, 2018 ஜனவரியில் அங்கே சென்ற திருத்தந்தை பிரான்சிஸ், குற்றச்சாட்டுக்கு ஆளான ஆயர் ஒருவரை ஆதரித்துப் பேசினார். பாதிக்கப்பட்டவர்கள் மனம் நொந்தார்கள். பிறகு அவர் விசாரணைக்கு ஆள் அனுப்பினார். அறிக்கை வந்தது. அந்த ஏப்ரலில் சிலே ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தில், நிலைமையை மதிப்பிடுவதில் தாமே பெரிய தவறுகள் செய்துவிட்டதாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். பாதிக்கப்பட்டவர்களை உரோமைக்கு அழைத்து நேரில் உட்காரவைத்துக் கேட்டார். தவறு நடந்துவிட்டது என்று அவர் எழுதவில்லை. ஆள் இருக்கிற வாக்கியத்தை எழுதினார். 81 வயதில், அந்தப் பதவியில் இருந்துகொண்டு அப்படி எழுதுவது எளிதில்லை.

பாவசங்கீர்த்தனத்துக்கு வருகிறவர்களுக்குத் திருஅவை வைத்திருக்கிற அளவுகோல் பழையது, எளியது. சாவான பாவத்துக்கு மூன்று வேண்டும்: காரியம் கனமானது, முழு அறிவோடு செய்தது, முழு மனதோடு சம்மதித்தது. மணியை முன்கூட்டி அடித்த பீடச்சிறுவன் இதில் எதிலும் வரமாட்டான். அவனை நாம் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு அனுப்பவில்லை, டீக்கடைக்கு அனுப்பினோம், எல்லாருக்கும் வடை வாங்கி வர.

பேதுருவிடம் இரண்டும் இருந்தன. மலைமேல் இயேசுவின் தோற்றம் மாறியபோது, மூன்று கூடாரம் போடலாம் என்று இடையில் புகுந்து பேசினார். தாம் என்ன சொல்கிறோம் என்றே தெரியாமல் சொன்னார் என்று லூக்கா ஒரு சிரிப்போடு குறித்து வைத்திருக்கிறார். அது சொதப்பல். ஆண்டவர் கடிந்துகொள்ளவே இல்லை. தலைமைக் குருவின் முற்றத்தில் அவரைத் தெரியாது என்று மூன்று தரம் சொன்னது வேறு. பேதுரு அதற்குச் சமாதானம் சொல்லவில்லை. வெளியே போய் மனம் கசந்து அழுதார்.

இப்போது இதன் மறுபக்கம். பாவத்தைச் சொதப்பல் என்று சிறிதாக்குவதைப் பேசினோம். சொதப்பலைப் பாவத்தைவிடப் பெரிதாக்குவதும் நம் வீடுகளில் நடக்கிறது. அதில்தான் நமக்குக் கவலை அதிகம். பிள்ளை ஒரு வேலையில் சொதப்பினான் என்பது செய்தி. "ஏலே, நீ எப்பவுமே சொதப்பல்தாம்ல" என்பது தீர்ப்பு. செயலுக்கு வைத்த பெயர் ஆளுக்கு மாறிவிட்டது. விருந்தாளி முன்னால் சொல்கிறோம், சித்தப்பா பிள்ளையோடு ஒப்பிட்டுச் சொல்கிறோம், வேடிக்கையாகச் சொல்கிறோம் என்று நினைக்கிறோம். பத்து வருடம் இதைக் கேட்ட பிள்ளைக்கு அது வேடிக்கையாக இருக்காது.

தென்காசிக் கோயில் கோபுரத்தைத் தினமும் பார்க்கிறோம். 15-ஆம் நூற்றாண்டில் அந்தக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் கல்வெட்டில் ஒரு பாடல் விட்டுச் சென்றிருக்கிறான். அரசர்கள் கல்வெட்டில் பெரும்பாலும் மிரட்டுவார்கள், இந்த அறத்தைக் கெடுப்பவன் இன்ன கதி அடைவான் என்று. இவன் வேறு மாதிரி. இந்தக் கோயிலுக்குப் பிற்காலத்தில் ஏதாவது குற்றம் வந்தால், அப்போது வந்து அதைச் சரிசெய்கிறவர் யாராக இருந்தாலும், உலகம் அறிய அவரைப் பணிகிறேன் என்கிறான். குற்றம் என்ற சொல்லையே போடுகிறான். ஆனால் யார் செய்த குற்றம் என்று கேட்கவில்லை. கட்டடத்துக்குப் பழுது வரும் என்பது அவனுக்குத் தெரியும். தான் பார்க்கப்போகாத ஒரு கொத்தனாருக்கு ஓர் அரசன் முன்கூட்டியே கும்பிடு போட்டுவிட்டுப் போகிறான். நெடுங்காலம் சிதைந்து நின்ற அந்தக் கோபுரம் சிவந்தி ஆதித்தன் முன்னின்று எழுப்ப, 1990-ல் ஒன்பது நிலையோடு குடமுழுக்குக் கண்டது. கும்பிடு போய்ச் சேர ஐந்நூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. வேறு சமயத்துக் கோயில்தான். ஆனால் ஒரு பழுதை எப்படிப் பார்ப்பது என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் நமக்குப் பாடம் இல்லை.

நம் காலத்திலும் ஒன்று நடந்தது. 2024 பிப்ரவரி, நள்ளிரவு தாண்டிய நேரம். கேரளத்திலிருந்து பிளைவுட் ஏற்றி வந்த லாரி புளியரை மலைச்சாலையிலிருந்து கவிழ்ந்து கீழே தண்டவாளத்தில் விழுந்தது. ஓட்டுநர் இறந்துபோனார். பக்கத்தில் குடியிருந்த ஒரு வயதான தம்பதி சத்தம் கேட்டு எழுந்தார்கள். அந்த வழியில் ரயில் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு, அந்த வயதில், இருட்டில், தண்டவாளத்தில் ஓடினார்கள். ஒளியைப் பார்த்து ரயில் நின்றது. பிறகு முதலமைச்சர் அழைத்து ஐந்து லட்சம் ரூபாய் கொடுத்துப் பாராட்டினார். யார் மேல் தவறு, வளைவு மேலா, வண்டி மேலா என்பதெல்லாம் மறுநாள் போலீசார் பார்த்துக்கொள்கிற காரியம். அந்த இரவில் கேள்வி ஒன்றுதான்: அடுத்து என்ன வருகிறது, அதை எங்கே நிறுத்துவது?

இதை ஏன் இன்று சொல்கிறோம் என்றால், பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவுகள் வரப்போகின்றன. சில வீடுகளில் ஒரு பாடத்தில் சொதப்பல் இருக்கும். கணக்கிலோ இயற்பியலிலோ, இரண்டு மதிப்பெண்ணோ இருபதோ. அது கோடரி கழன்றதாக இருக்கலாம், படிக்காமல் விட்ட சுவராகவும் இருக்கலாம். அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். முடிவு வந்த அன்று பிள்ளை வாயைத் திறக்காமல் மாடிக்குப் போனால் பின்னாலேயே போங்கள். சாப்பிடக் கூப்பிடுங்கள். அக்கம்பக்கத்தாரின் போனை எடுக்காதீர்கள். அன்று இரவு பிள்ளையைத் தனியாகப் படுக்க விடாதீர்கள்.

தேர்ச்சி பெறாதவர்களுக்கு அதே கோடையில் துணைத்தேர்வு உண்டு. படித்த பள்ளியிலேயே விவரம் கேட்டு விண்ணப்பிக்கலாம், ஓர் ஆண்டு வீணாகாது. மனம் விட்டுப் பேச ஆள் வேண்டும் என்றால் 104 என்ற எண்ணில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். 14416 என்ற எண்ணிலும் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. பேனா இருந்தால் காலண்டர் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள், மறுபடி சொல்கிறோம்: 104, 14416. போனில் பேசத் தயக்கமாக இருந்தால், நம் பங்கு இல்லத்துக் கதவு இருக்கிறது. எந்தச் சமயத்துப் பிள்ளையானாலும் வரலாம், எத்தனை மணிக்கானாலும் தட்டலாம்.